ஜவ்வாது மலை: காப்புக்காட்டின் எல்லைக்குள் குடிகள்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் காடுகள் விலங்குகளின் நலன் கருதிய சரணாலயமாக அன்றி, அரசின் மர உடைமையைக் காக்கும் 'காப்புக்காடு' என்னும் சட்டப் பெயரின் கீழேயே பாதுகாப்புக்குள் வந்தன. காட்டின் மீது குடிகளுக்குள்ள உரிமைகள் ஆழமானவை என்பதால் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தை ஏற்கத் தயங்கிய சென்னை அரசு, 1882இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஒரு காட்டை ஒதுக்கப்போவதாக அறிவித்து, உரிமை கோருவோரின் மனுக்களைத் தீர்வு அலுவலர் விசாரித்த பின்னரே அதைக் காப்புக்காடாக உறுதிசெய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் நடைமுறை. எழுத்தறியாத மலைக்குடிகள் குறித்த காலத்துக்குள் மனுச் செய்வார்கள் என எதிர்பார்த்த இந்த ஏற்பாடு, நியாயத்தின் சாயல் மட்டுமே கொண்டது.

அக்குடிகள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழியினர் எனத் தம் மரபுக் கதைகளில் கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் ஆவர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, புளி, கடுக்காய், தேன் சேகரித்து வாழ்ந்த இவர்களின் ஊர்களும் வயல்களும் காப்புக்காட்டின் நடுவே தீவுகளாக எஞ்சின.

காட்டின் செல்வம் சந்தனம். அண்டை மரங்களின் வேர்களிலிருந்து தன் ஊட்டத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வளரும் இம்மரத்தில் மணமுள்ள வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும். வேரிலும் எண்ணெய் மிகுந்திருப்பதால் மரத்தை அடியோடு வெட்டாமல் வேரோடு தோண்டியெடுத்து, வெளுத்த வெளிக்கட்டையைச் செதுக்கி நீக்கி, திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கில் தரம் பிரித்து ஏலம் விடுவது வனத்துறையின் வழக்கம். தன் நிலத்து ஓரத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட விருப்பம்போல் வெட்டி விற்க முடியாத குடியானவனுக்கு அம்மரம் பயனைவிட அச்சத்தையே தந்தது. காவல் கடுமையாக இருந்தும் மலையில் சந்தனம் அருகியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மனிதனையும் காட்டையும் ஒருங்கே கருதும் எண்ணம் 1971இல் யுனெஸ்கோ தொடங்கிய 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டத்தால் உலகளவில் வலுப்பெற்று, 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமாக உருப்பெற்றது. மனிதத் தலையீடு தவிர்க்கப்படும் மையப்பகுதி, அதைச் சூழ்ந்த இடைப்பகுதி, குடிகள் வாழ்ந்து பயிர்செய்யும் புறப்பகுதி என நிலத்தைப் பகுப்பது அதன் முறை. தமிழகத்தின் காப்புக்காடுகளுக்கோ அவ்வெண்ணம் வேறு வடிவில், 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கிராம வனக்குழுக்களாக வந்தது. ஆயினும் அக்குழுக்கள் வனத்துறையின் கைத்துணையாக இருந்தனவேயன்றி, உரிமை பெற்றவையாக இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் பயிரிட்டுவரும் பழங்குடியினருக்கு நில உரிமையும், கிராம சபைக்குக் காட்டைக் காத்து ஆளும் உரிமையும் அளித்தது. தமிழகத்தில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் முடங்கிய பட்டா வழங்கல், 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே நடைபெறலாயிற்று. மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் ஊர்கள் தம் காட்டைத் தாமே ஆளத் தொடங்கிவிட்ட நிலையில், தனிப்பட்டாவோடு நின்றுவிடாமல் ஜவ்வாது மலையின் கிராம சபைகளுக்கும் அந்தச் சமூக உரிமையை அரசு முழுமையாக வழங்க வேண்டும்.