விதையும் நிலமும்: ஒரு பழைய வழக்கு

விளைச்சலுக்குக் காரணம் விதையா, நிலமா என்னும் கேள்வி உழவர்க்கு மட்டும் உரியதன்று. புற்றுநோய் ஆய்வில் அது நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு.

1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் எழுதினார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. குருதி எங்கும் பாய்கையில் ஏன் இந்த வேறுபாடு? விதை எங்கும் விழும், இசைந்த நிலத்திலேயே முளைக்கும் என்றார் பேஜட்.

அடுத்த நூற்றாண்டு விதையின் பக்கம் சாய்ந்தது. 1911இல் நியூயார்க்கில் பேடன் ரவுஸ், கோழிக்குக் கட்டியை உண்டாக்கும் நுண்பொருளொன்றைக் கண்டார். பின்னாளில் அது வைரஸ் எனத் தெளிந்தது. அது சுமக்கும் 'சார்க்' மரபணுவின் மூலம் கோழியின் இயல்பான செல்களிலேயே உள்ளதென்று பிஷப், வார்மஸ் குழுவினர் 1976இல் காட்டினர். 'வளர்க' என்னும் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் நொதி அம்மரபணுவின் ஆக்கம். வைரஸில் அதன் கடிவாளம் அறுந்திருக்கிறது, கட்டளை ஓய்வதில்லை. இனி நிலத்துக்கு என்ன வேலை என்று எவரும் எண்ணக்கூடும்.

1984இல் பெர்க்லியில் டோல்பர்க், மினா பிஸ்ஸல் இருவரும் அதே வைரஸைக் கோழிக் கருவுக்குள் செலுத்தினர். மரபணு இயங்கியது; கட்டி எழவில்லை. அக்கருவின் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுத்தன்மை அடைந்தன. பொரித்த குஞ்சிலோ ஊசி குத்திய இடத்தில் கட்டி எழுந்தது. வேறிடத்தில் காயப்படுத்தினால் அங்கும் எழுந்தது. காயத்தை ஆற்றவரும் 'டிஜிஎஃப்-பீட்டா' என்னும் சமிக்ஞைப் புரதமே இதற்குத் துணைபோகிறது என்று 1990இல் தெரியவந்தது. ஆற்ற வந்த கையே விதைக்கு நீர் வார்த்த கதை இது.

மரபணுவை ஊழாகக் கருதும் மனநிலை நம்மிடையே வேரூன்றி வருகிறது. கட்டளை ஒன்றாயினும் அதைக் கேட்கும் சுற்றத்தைப் பொறுத்தே விளைவு அமைகிறது என்பதை அக்கோழிக் கரு நமக்கு உணர்த்துகிறது. மருத்துவமும் இவ்வழியே நடக்கத் தொடங்கிவிட்டது. நோயெதிர்ப்புச் செல்களின் தடைகளை நீக்கும் வழி கண்ட அலிசன், ஹோன்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் வழி திறந்த மருந்துகள் விதையை நேராகத் தாக்குவதில்லை. நிலத்தின் காவலரைத் தட்டியெழுப்புகின்றன. பேஜட்டின் வழக்கில் தீர்ப்பு ஒருபக்கமாக அமையாதென்றே நமக்குத் தோன்றுகிறது. விதையும் நிலமும் ஒன்றோடொன்று பேசும் மொழியைக் கற்பதே இனி ஆய்வாளர் முன் நிற்கும் பணி.