மண்கல்லுக்கு அவசரம் ஆகாது

மாட்டுக் கொட்டகைக்கோ, பம்புசெட்டு அறைக்கோ சுடாத மண்கல் அறுக்கும்போது, "வெயில் நல்லா அடிக்குது, சீக்கிரம் காஞ்சிடும்" என்று சொல்கிறோம். அந்தச் சீக்கிரம்தான் ஆபத்து. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் கட்டட வல்லுநர் விட்ருவியஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கல்லை வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ அறுக்க வேண்டும், உச்சக் கோடையில் கூடாது என்பது அவர் விதி. கடும் வெயிலில் மேல்புறம் சட்டென்று இறுகிவிடும். உள்ளே ஈரம் தங்கிவிடும். பிறகு அந்த ஈரம் வற்றும்போது கல் சுருங்கி வெடிக்கும். அறுத்து இரண்டு ஆண்டு ஆன கல்லே நல்லது என்றார். இன்றைய துனீசியாவில் இருந்த யூட்டிகா நகரில் கண்டிப்பு இன்னும் அதிகம். ஐந்து ஆண்டு ஆன கல், நன்றாகக் காய்ந்த கல் என்று நகர அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சுவரில் வைக்கலாம்!

ஏன் இத்தனை கண்டிப்பு? ஈரக்கல்லின் மேல் பூசினால் பூச்சு இறுகி நின்றுவிடும். கல்லோ உள்ளே சுருங்கி விலகும். பூச்சு உதிர்ந்து, சுவரே சாய்ந்துவிடலாம்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் தொல்லை வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் லேசில் காயாது. காய்ந்த கல்லும் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். களிமண்ணின் குணம் அது. ஈரம் ஏற ஏறக் கல்லின் பலம் குறையும்.

1950களில் கொலம்பியா நாட்டில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர், கையால் அழுத்திக் கல் செய்யும் 'சின்வா-ராம்' இயந்திரத்தை உருவாக்கினார். மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்தும் முறை பல நாடுகளுக்குப் பரவியது. நம் பக்கத்தில் ஆரோவில்லில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து இப்படிக் கல் செய்கிறார்கள். இந்தக் கல்லுக்கு ஆரம்பத்தில் விதி தலைகீழ். சிமெண்டு இறுக ஈரம் வேண்டும். ஆகவே நான்கு வாரம் ஈரம் காயாமல் காத்து, அப்புறம்தான் உலர விட வேண்டும்.

ஆகவே, சிமெண்டு கலக்காத கல்லைத் தை, மாசியில் அறுங்கள். பந்தல் நிழலில் போட்டு, இறுகியதும் புரட்டி வையுங்கள். நாலைந்து கல்லுக்கு அடையாளமிட்டு அவ்வப்போது தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு ஒன்றை உடையுங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிடலாம்.