இன்ஃப்ளேமபிள்னா எரியுமா, எரியாதா?

பெட்ரோல் டேங்கர் லாரி பின்னாடி மாட்டிக்கிட்டு மெதுவா போயிருக்கீங்களா? அதன் முதுகில் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். அதே பெட்ரோல் அமெரிக்காவில் ஓடினால் 'ஃப்ளேமபிள்'. ஒன்று எரியும், இன்னொன்று எரியாது என்று நினைத்தால் அது நியாயமான நினைப்புதான். கரெக்ட் - இன்கரெக்ட், விசிபிள் - இன்விசிபிள் என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனா ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தாங்க: சட்டுனு தீப்பிடிக்கும்.

குழப்பத்துக்குக் காரணம் லத்தீன். அங்கே 'இன்' என்று ரெண்டு முன்னொட்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. இன்னொன்று 'உள்ளே' என்று சொல்வது. நம்ம வார்த்தையில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. 'இன்ஃப்ளாம்மாரே' என்றால் தீ மூட்டுதல். அதிலிருந்து வந்த இன்ஃப்ளேமபிள் 1600-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்துவிட்டது. ஃப்ளேமபிள் ரொம்பப் பின்னால் வந்த தம்பி. 1813-ல் தாமஸ் பஸ்பி என்பவர் லுக்ரீஷியஸின் லத்தீன் காவியத்தை மொழிபெயர்த்தபோது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதுக்கப்புறம் நூறு வருஷம் கிட்டத்தட்ட யாரும் அதைச் சீந்தவில்லை.

தம்பிக்கு வாழ்வு கொடுத்தது புலவர்கள் இல்லை, தீயணைப்பு சம்பந்தப்பட்டவர்கள். 1896-ல் தொடங்கிய அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1920-களில் 'இன்'னை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. டிரம்மில் இருக்கும் வார்த்தையைப் படிப்பவர் லத்தீன் வாத்தியார் இல்லையே. குடோனில் மூட்டை தூக்குபவர், பீடி பற்றவைக்கப் போகிறவர். அவர் 'எரியாது' என்று படித்துவிட்டால் அப்புறம் இலக்கணம் பேச ஆளே இருக்காது.

சும்மா பயமுறுத்தலைங்க. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளும். நம்ம வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த இடத்தில் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஞாபகம் வருகிறார். மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். ஆனால் சம்பளம் வாங்கியது என்னவோ 1919 முதல் 1941-ல் சாகும் வரை ஹார்ட்ஃபோர்டில் ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில். தீப்பிடித்த கதைகளைப் படிப்பதுதான் வேலை. 1941-ல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர் சொல்லும் உதாரணம் இது: பெட்ரோல் நிறைந்த டிரம் பக்கத்தில் எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். 'காலி' டிரம் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். உண்மையில் காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்து கிடக்கும், அதுதான் அதிக ஆபத்து. காலி என்ற ஒரு பெயரடை ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. தெளிவான வார்த்தைக்கே இந்தக் கதி என்றால், 'இன்' போட்ட வார்த்தை என்ன பண்ணாது?

சட்டங்களைப் பார்த்தால் வேடிக்கை. 1952-ல் இந்தியா போட்ட சட்டத்தின் பெயர் 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'. அடுத்த வருஷமே, 1953-ல், அமெரிக்கா போட்டது 'ஃப்ளேமபிள் ஃபேப்ரிக்ஸ் ஆக்ட்'. பின்னதற்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. ரேயான் நூலைப் பஞ்சு மாதிரி சீவிவிட்டுச் செய்த ஸ்வெட்டர்களும், சின்னப் பசங்க போட்டுக்கொள்ளும் கௌபாய் வேஷ உடைகளும் ஒரு பொறி பட்டதும் குபீரென்று எரிந்தன. குழந்தைகள் கருகிய பிறகுதான் சட்டம் வந்தது.

பிரிட்டனிலும் 1959-ல் தரநிர்ணய நிறுவனம் ஃப்ளேமபிள் பக்கம் சாய்ந்துவிட்டது. நடை சுத்தம் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. ஆங்கில நடைக்கு வேதமாக மதிக்கப்படும் ஸ்ட்ரங்க் - ஒயிட் கையேடு இதை ஒரு விசித்திரச் சொல் என்று முகம் சுளிக்கிறது. உயிர் காக்க உதவும் என்று ஒத்துக்கொண்டே, நீங்க லாரி ஓட்டினால் ஒழிய பழைய சொல்லையே எழுதுங்கள் என்கிறது. எனக்கென்னவோ லாரி ஓட்டுபவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் அசரவில்லை. அவர்களுக்கு இன்றும் எரிவது 'இன்ஃப்ளேமபிள்' எழுத்துதான். எரியாததற்கு முன்னால் இன்னொரு 'இன்' சேர்த்து இன்-இன் என்று எழுதிவிடுகிறார்கள் :-) ஆங்கிலத்தில் எரியாதது 'நான்-ஃப்ளேமபிள்'.

இதே ஜாதியில் இன்னொன்று 'இன்ஹேபிட்டபிள்'. இப்போ வசிக்கத் தகுந்தது என்று அர்த்தம். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்திலோ வசிக்க முடியாத இடத்துக்கு அதே சொல் வருகிறது! ரெண்டு 'இன்'னும் ஒரே எழுத்துக்குள் குடித்தனம் நடத்தினால் அப்படித்தான். 'இன்ஃப்ளமேட்டரி' வேறு வகை: அது தீப்பிடிக்கும் பொருள் இல்லை, தீ மூட்டிவிடும் பேச்சு. மேடையில் நிற்பவர் இன்ஃப்ளமேட்டரி, கேட்கும் கூட்டம் இன்ஃப்ளேமபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப சிரிக்காதீங்க, நம்ம பக்கமும் உண்டு. 'விலைமதிப்பில்லா' என்றால் விலையே சொல்ல முடியாத அளவு ஒசத்தி. 2011-க்கு அப்புறம் தமிழக அரசு கொடுத்த 'விலையில்லா' மிக்சி, கிரைண்டர் என்றால் ஓசி. நடுவில் ஒரு 'மதிப்பு'தான் வித்தியாசம். ஆனால் இதைக் குழப்பிக்கொண்டால் யாரும் எரிந்துபோக மாட்டார்கள்.

கடைசியில் சர்வதேச அளவில் வார்த்தையை மட்டும் நம்புவதை விட்டார்கள். ஐ.நா. வகைப்பாட்டில் தீப்பிடிக்கும் திரவம் மூன்றாம் வகுப்பு: சிவப்பு வைர வடிவம், உள்ளே ஒரு தீச்சுவாலைப் படம். அடுத்த முறை டேங்கர் பின்னால் நிற்கும்போது பாருங்க, 'இன்ஃப்ளேமபிள்' எழுத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது அந்தச் சிவப்புக் கட்டம் ஒட்டியிருக்கும்.