துரும்பும் ஆந்தையும்

எங்கட ஊர் வாசிகசாலைத் திண்ணையில் 304 விளையாடத்தான் நான் முதன்முதலில் கடதாசியைக் கையில் தொட்டது. 32 கடதாசி, நாலு பேர். மற்ற ஊர்களில் ராசாவும் ஆசும் பெரியது, எங்களுக்கு வீரன்தான் பெரியது. கேள்வி கேட்டவர் துரும்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைக் கல்லுமாதிரி வைத்திருப்பார். அப்பா அதில் கெட்டிக்காரன். தம்பிக்கு முகத்தை மறைக்கவே தெரியாது, நல்ல கை வந்தால் காது சிவந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு பேர். ஒருவர் எனக்கு மேல்வீட்டுக் கிழவர். மற்றவள் என்னோடு வேலை செய்கிற ஒரு யேர்மன் பெட்டை. இரண்டு பேரிடமும் மிருகப்படம் போட்ட கடதாசிக் கட்டு இருக்கிறது. கிழவர் அதால் விளையாடுகிறார். அவள் அதால் குறி சொல்கிறாள்.

கிழவர் ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பக்கத்து ஆள். அங்கே 'செகோ' என்று ஒரு விளையாட்டு. நெப்போலியன் காலத்தில் ஸ்பெயினுக்குச் சண்டைக்குப் போன பாடன் நாட்டுச் சிப்பாய்கள் அதைக் கொண்டுவந்தார்கள் என்று கதை சொல்வார்கள். 54 கடதாசி, அதில் 22 துரும்பு. துரும்பை நாங்கள் கேட்டுத் தீர்மானிப்பதுபோல் இல்லை, அவை நிரந்தரத் துரும்புகள், இலக்கம் போட்டிருக்கும். கிழவரின் கட்டில் துரும்புகளில் மிருகங்கள். இந்தக் கட்டுக்குப் பெயரே 'ஆட்லர் செகோ', அதாவது கழுகுச் செகோ. இன்றும் கடையில் வாங்கலாம்.

"இந்த மிருகங்களுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்டேன். கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அர்த்தமா? இலக்கத்தைப் பார்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் டாரொட்டின் முதல் முன்னூறு வருசச் சரித்திரமும் அடங்கிவிடுகிறது.

டாரொட் எகிப்தில் பிறந்ததும் இல்லை, ஜிப்சிகள் கொண்டுவந்ததும் இல்லை. வட இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரபுக்கள் வீட்டில் விளையாடப் பிறந்த சாமான். 1440இல் புளோரன்சு நகரத்து ஒரு நொத்தாரிசு தன் நாட்குறிப்பில் 'ட்ரியோன்ஃபி' கட்டு ஒன்று வாங்கியதை எழுதிவைத்திருக்கிறார். வெற்றி ஊர்வலம் என்று பொருள். மற்ற எல்லாக் கடதாசியையும் வெல்லுகிற கடதாசி என்ற எண்ணம் பரவியது இந்தக் கட்டால்தான். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ட்ரம்ப், போர்த்துக்கேயத்தில் த்ருன்ஃபு, ஒல்லாந்தில் த்ரூஃப். எங்கட 'துரும்பு' இந்த இரண்டு கப்பல்காரரில் ஒருவர் கையால்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்திறங்கியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே வாசிகசாலைத் திண்ணையில் இருந்து நாங்களும் அந்த இத்தாலிக்காரரின் சொல்லைத்தான் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறோம்!

அந்தத் துரும்புகளில் பாப்பரசர், பேய், சாவு, சூரியன் என்று படங்கள் இருந்தன. ஆனால் விளையாடியவர்களுக்குப் படம் முக்கியமில்லை. 1725இல் பொலோனாவில் பாப்பரசரின் பிரதிநிதி பாப்பரசர் படத்தை எடுக்கச் சொன்னபோது அவருக்கும் சக்கரவர்த்திகளுக்கும் பதிலாக நாலு மூர் ஆட்களின் படத்தைப் போட்டுவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியில் யேர்மனியில் கடதாசி அச்சடித்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், இத்தாலியப் படங்களை முழுதாகத் தூக்கியெறிந்துவிட்டு இலக்கத்துக்கு ஒரு மிருகமாகப் போட்டார்கள். அதற்குப் பெயர் 'டியர்டாரொக்', மிருக டாரொக். உள்ளதும் இல்லாததுமான மிருகங்கள். கிழவரின் கழுகுக் கட்டு அந்தப் பரம்பரையில் கடைசியாக மிஞ்சிய பிள்ளை.

பிறகு எப்படிக் குறி வந்தது? பொலோனாவில் யாரோ சில கடதாசிகளுக்குப் பலன் எழுதிவைத்த ஒரு தாள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆனால் பெரிய புழுகு பாரிசில் பிறந்தது. கூர் ட ஜெபெலன் என்ற புரட்டஸ்தாந்துப் படிப்பாளி 1781இல், இது எகிப்தியப் பூசாரிகள் ஒளித்துவைத்த ஞான நூல் என்று எழுதினார். விளையாடிக்கொண்டிருந்தவர்களின் கடதாசியைக் கண்டு கால்மணி நேரத்தில் விளங்கிவிட்டதாம். எகிப்திய எழுத்தை அன்று எவருக்கும் வாசிக்கத் தெரியாது, ஷம்பொலியன் வாசித்தது 1822இல்தான். வாசிக்கத் தெரியாத எழுத்தில் எதையும் சொல்லலாம். எத்தெய்யா என்ற பெயரில் எழுதிய ஒரு பழைய படவியாபாரி 1785இல் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாக்கி, 1789இல் அதற்கென்றே கட்டும் வெளியிட்டார். 1909இல் லண்டனில் பமேலா கோல்மன் சிமித் 78 கடதாசிக்கும் வரைந்த படங்களைத்தான் இன்று உலகம் முழுக்கப் பார்க்கிறோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது சொற்பக் காசு.

இதையெல்லாம் கிண்டிக் கிளறியவர்களில் முக்கியமானவர் மைக்கல் டமெற். ஒக்ஸ்போர்ட்டில் தர்க்கம் படிப்பித்த தத்துவப் பேராசிரியர், 1980இல் டாரொட் விளையாட்டைப் பற்றித் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எழுதினார். எனக்கு அவரில் மரியாதை வந்தது வேறு காரணத்தால். நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கி நின்ற மனுசன், 2001இல் அகதிகளையும் குடிவரவையும் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியவர். அகதி விண்ணப்பக்காரனை முதலிலேயே பொய்யன் என்று முடிவுகட்டிவிட்டு விசாரிப்பவர்களை எனக்குத் தெரியும். ஆதாரத்தைப் பார்த்துப் பேசு என்று கடதாசிக்கட்டுக்கே சொன்ன ஆள் அகதிக்கும் அதையே கேட்டார்.

சரி, பெட்டையின் கதைக்கு வருகிறேன்.

அவளிடம் இருப்பது கிம் கிரான்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 2012இல் தானே வெளியிட்ட 'வைல்ட் அன்நோன்' கட்டு. கறுப்புக் கோட்டில் மரமும் மிருகமும் பறவையும். ராசா ராணி இல்லை. தகப்பன், தாய், மகன், மகள். தடிக்குப் பாம்புக் குடும்பம், கிண்ணத்துக்கு அன்னம், நாணயத்துக்கு மான், வாளுக்கு ஆந்தை. வடிவான வேலை, மறுக்கமாட்டேன். யேர்மன் அச்சுக்காரர் அர்த்தத்தை எறிந்துவிட்டுப் போட்ட மிருகங்களுக்கு, இருநூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு திரும்ப அர்த்தம் வந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் இடைவேளையில், "ஏதாவது ஒன்றை மனதில் நினை" என்றாள். நினைக்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா போகாத சாத்திரி இல்லை. வெற்றிலையில் மை பார்த்தவர், வாக்குச் சொன்ன அம்மா, நல்லூர்த் திருவிழாவில் கிளிச் சாத்திரக்காரன். கிளி கூட்டை விட்டு வந்து ஒரு சீட்டை இழுத்துப்போட்டு நெல்மணியைத் தின்றுவிட்டு உள்ளே போகும். எல்லாரும் ஒரே பலன்தான் சொன்னார்கள். இருக்கிறான், வடகிழக்குத் திசை, நாற்பத்தெட்டு நாள். நாற்பத்தெட்டு நாள் எத்தனைதரம் முடிந்துவிட்டது! நான் அனுப்பின காசில் எவ்வளவு அதில் போனது என்று கணக்குப் பார்த்து ஒருதரம் போனில் ஏசியும் இருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "நீ வேற யாரிட்டயாவது கேட்டுச் சொல்லுவியோ?" என்று மட்டும் கேட்டா. 2017இல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் படத்தோடு குந்தியபோது அம்மாவும் போனா. பதில் சொல்லவேண்டியவர்கள் வாயைத் திறக்காத இடத்தில்தான் கிளி பேசுகிறது.

சீட்டைத் திருப்பினாள். ஆந்தை. வாள்களின் தாய்.

"நல்லது! விவேகமான தாய், உண்மையை நேராகப் பார்ப்பவள்" என்றாள் மகிழ்ச்சியாக. இவர்களுக்கு ஆந்தை அறிவு. எங்கட வளவில் ஆந்தை அலறினால் அம்மா எழும்பி விளக்கைத் தூண்டிவிட்டு, விடியும்வரை படுக்கமாட்டா. இது வெறும் அச்சடித்த மட்டை, முன்னூறு வருசம் இதை விளையாட்டுக்குத்தான் வைத்திருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பின்னேரம் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

அந்த ஞாயிறு அம்மாவோடு கதைக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன், இங்கேயும் ஒரு பிள்ளை சீட்டுப் பார்க்கிறவள் என்று.

"என்ன வந்தது?"

"ஒரு பறவை அம்மா."

"என்ன பறவை?"

"அன்னம்."

கொஞ்சநேரம் சத்தமில்லை. "அன்னமெண்டால் நல்லதுதானே. அந்தப் பிள்ளையிட்ட அடுத்தமுறை தம்பியின்ர நட்சத்திரத்தையும் சொல்லிக் கேள். உத்தரட்டாதி. மறந்துபோடாதை" என்றா.