ஒளிஞ்சிருக்கும் சொல்

விஜய் டிவியில ஜேம்ஸ் வசந்தன் நடத்தின 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' ஞாபகம் இருக்கா மக்களே? ஜோடியில ஒருத்தருக்கு மட்டும் ஒரு சொல் தெரியும். அவர் ஒவ்வொரு சொல்லா குறிப்பு கொடுக்க, மற்றவர் கண்டுபிடிக்கணும். ஆங்கிலத்துல குறிப்பு கொடுத்தா செல்லாது. எங்க நாகரசம்பட்டி பக்கம் தமிழோட தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்து புழங்கும். அங்கயே ஆங்கிலம் கலக்காம நாலு சொல் சொல்றதுதான் பெரும்பாடு :-)

1961-ல் அமெரிக்காவுல சிபிஎஸ் ஒளிபரப்பின 'பாஸ்வேர்ட்' கிட்டத்தட்ட இதே ஆட்டம். ஆனா சொல்லை எழுத்துக்குள்ளயே ஒளிச்சு வெச்சது அதே சிபிஎஸ்ல 1974-ல் வந்த 'நவ் யூ சீ இட்'. நாலு வரி, வரிக்கு 14 எழுத்து, நடுவுல இடைவெளியே கிடையாது. கேள்விக்கான விடை எந்த வரியில, எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு சொல்லணும். பத்திரிகையில வர்ற சொல்தேடல் கட்டத்தை ஓக்லஹோமாவுல நார்மன் கிபாட் 1968-லயே போட்டுட்டார்.

"தமிழ்ல 247 எழுத்து, இதெல்லாம் கட்டத்துல அடங்காது"ன்னு சிலர் சொல்வாங்க. பாதி உண்மை. 26 எழுத்துல தற்செயலா சொல் அமையற அளவுக்கு இங்க அமையாது. போதாததுக்கு 'கொ' கண்ணுக்கு மூணு வடிவம், யூனிகோடுக்கு ரெண்டு குறியீடு, தமிழுக்கு ஒரே எழுத்து. இதுக்கு நிரல் எழுதினவனுக்குத்தான் வலி தெரியும்.

ஆனா தண்டியலங்காரத்துல சித்திரகவி பகுதியைப் புரட்டிப் பாருங்க. தமிழ்ல இது வந்து கிட்டத்தட்ட 800 வருஷத்துக்கு மேல ஆச்சு. அக்கரச்சுதகம்னா எழுத்தை எடுக்க எடுக்க வேற சொல் வர்றது. தாமரையில 'தா' போனா மரை, அதாவது மான். கூடசதுக்கத்துல நாலாவது அடியோட எழுத்தெல்லாம் மத்த மூணு அடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். காதைகரப்பு இன்னும் கொடுமை. பாட்டோட கடைசியிலருந்து ஒரு எழுத்து விட்டு ஒரு எழுத்தா படிச்சுட்டு வந்தா உள்ளேருந்து இன்னொரு பாட்டே வரும்!

இதையெல்லாம் மிறைக்கவின்னு, வெறும் வித்தைன்னு ஓரங்கட்டினவங்க உண்டு. கவிதையா ரசிக்க முடியாதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஆட்டமா? கூடசதுக்கத்தோட மூணு அடியைப் பலகையில போட்டு, நாலாவதைத் தேடச் சொல்லி 60 விநாடி கொடுத்தா போதும். நிகழ்ச்சி தயார்.