நார்ட்டன் மோட்டார் சைக்கிளும் ஓசூரும்

நார்ட்டன் என்பது 1898ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் தொடங்கிய நிறுவனமாகும். 1907இல் நடைபெற்ற முதல் மாண் தீவு டி.டி. பந்தயத்தில், இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வண்டி வென்றது. பிற்காலத்தில் நிறுவனம் பலமுறை கைமாறி நலிவடைந்தது. ஆயினும் உரிமையாளர்கள் அதைக் கைவிடவில்லை. 1959இல் உருவான நார்ட்டன் உரிமையாளர் சங்கம், பழைய வண்டிகள் தொடர்ந்து ஓட உதவி வருகிறது.

ஓசூரின் பங்கு

1980இல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டை வெளியிட்டு, எளிய மக்களின் வண்டியால் வளர்ந்தது டி.வி.எஸ். மோட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில் ஆலை கொண்ட இந்நிறுவனம், கடனில் மூழ்கிய நார்ட்டனை 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

தரச் சோதனை

முந்தைய நிர்வாகம் தயாரித்த வி4 எஸ்.எஸ். என்ற விலையுயர்ந்த பந்தய வகை வண்டிகளைப் புதிய நிர்வாகம் ஆராய்ந்தபோது 35 குறைகள் தெரியவந்தன. எனவே அவற்றை ஓட்ட வேண்டாம் என 2021இல் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு சோலிஹல் நகரில் புதிய ஆலையைத் திறந்து, வி4 வண்டியைத் திருத்தி வடிவமைக்கும் பணியில் இறங்கியது.

நிறுவனம் நலிந்த காலத்திலும் நார்ட்டன் என்ற பெயரைக் காத்தவர்கள் அதன் உரிமையாளர்களே. அவர்களுக்கு நம்பி ஓட்டத்தக்க வண்டியைத் தருவது, அப்பெயரை வாங்கிய நிறுவனத்தின் கடமையாகும்.