குல்குல்

குல்குல் என்பது கிறிஸ்துமஸ் பண்டிகையையொட்டி இந்தியக் கிறித்தவர்களின் வீடுகளில் செய்யப்படும் ஓர் இனிப்புப் பண்டம் ஆகும். மைதா மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ புதிய சீப்பிலோ அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகு பூசி இது செய்யப்படுகின்றது. இது கல்கல் எனவும் அழைக்கப்படுகின்றது. கோவாவில் கொங்கணி மொழியில் இதன் பெயர் கிடியோ. புழுக்கள் என்பது அதன் பொருள். வரிவரியாகச் சுருண்டிருக்கும் தோற்றத்தால் இப்பெயர் அமைந்தது. தமிழ்நாட்டில் கலகலா என்ற பெயரில் செய்யப்படும் சாய்சதுரத் துண்டுகளும் ஏறத்தாழ இதே மாவினால் ஆனவையே. எனினும் அவை வெட்டப்படுகின்றனவே அன்றிச் சுருட்டப்படுவதில்லை என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

பின்னணி

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் காலத்தின் அடையாளமாக விளங்குவது இஞ்சி ரொட்டி ஆகும். தேன் அல்லது வெல்லப்பாகுடன் இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்பு சேர்த்துப் பிசைந்த மாவை மனித உருவமாகவும் விண்மீனாகவும் வெட்டி, அடுமனை அடுப்பில் சுட்டு, வெண்ணிறச் சர்க்கரைக் குழம்பால் அழகுபடுத்துவர். செருமனியின் நியூரம்பெர்க் நகரம் இதற்குப் பெயர் பெற்றது. அதன் நறுமணப் பொருட்கள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து சென்றவை. ஆயினும் அவை விளையும் இந்தியாவில் அந்த ரொட்டி பரவலான வீட்டுப் பண்டமாகவில்லை. அதனைச் சுடுவதற்கு மூடிய அடுப்பு வேண்டும். விறகடுப்பும் கரியடுப்பும் இருந்த சமையலறைகளில் அது அரிது. கேக் செய்யும் குடும்பங்கள் கூடக் கலவையை அருகிலுள்ள அடுமனைக்குக் கொண்டு சென்று சுட்டு வாங்கி வந்தன. வீட்டிலேயே முழுவதும் செய்து முடிக்கக்கூடியவை வாணலியில் பொரிப்பவை மட்டுமே. குல்குல்லும், ரோஸ் குக்கி என வழங்கும் அச்சு முறுக்கும் கிறிஸ்துமஸ் தட்டில் முதலிடம் பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

போர்த்துகலில் கிறிஸ்துமசுக்கு இனிப்பு மாவைப் பொரித்து உண்ணும் வழக்கம் உண்டு. கோவா 1510 முதல் 1961 வரை போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. குல்குல்லின் பொரிக்கும் முறை அவ்வழக்கத்துடன் ஒத்துப்போகின்றது. அதில் சேரும் தேங்காய்ப்பால் இந்தியக் கடற்கரைக்கு உரியது.

ஜோலார்பேட்டையும் தொடர்வண்டிக் குடியிருப்புகளும்

தமிழ்நாட்டில் குல்குல் பெரிதும் ஆங்கிலோ இந்தியர் சமூகத்துடன் இணைத்து அறியப்படுகின்றது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இச்சமூகத்தினர் பெருமளவில் தொடர்வண்டித் துறையில் ஓட்டுநர்களாகவும் கார்டுகளாகவும் பணியாற்றினர். எனவே பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் போன்ற சந்திப்பு நகரங்களில் அவர்களது குடியிருப்புகள் உருவாயின.

ஏலகிரி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் செல்லும் பாதை 1864இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் பாதை இங்கே சேலம், பெங்களூர் எனப் பிரிகின்றது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் அருகில் இருக்க, ஜோலார்பேட்டை மட்டும் இருப்புப் பாதையால் வளர்ந்த ஊர். 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இது திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்குகின்றது.

ஓட்டுநரின் பணி நேரம் பண்டிகையைப் பார்த்து அமைவதில்லை. கிறிஸ்துமஸ் நாளிலும் வண்டிகள் ஓடியாக வேண்டும். வாரக்கணக்கில் கெடாத, முன்கூட்டியே செய்து டின்களில் அடைத்து வைக்கத்தக்க பண்டம் இத்தகைய வீடுகளுக்கு ஏற்றது.

செய்முறை

அரைக் கிலோ மைதா, இரண்டு முட்டை, நூறு கிராம் அளவு பொடித்த சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கெட்டியான தேங்காய்ப்பால் தெளித்துப் பிசைவர். சிலர் சிறிது ரவை சேர்ப்பர். மாவு சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக இருக்கவேண்டும். அரைமணி நேரம் ஊறியபின் சிறு கோலி அளவில் உருட்டி, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் கட்டைவிரலால் மெல்லியதாக அழுத்தி, ஓரத்திலிருந்து சுருட்டி எடுப்பர். முனையை அழுத்தி ஒட்டாவிடில் எண்ணெயில் விரிந்துவிடும்.

முள்கரண்டியின் வரிகள் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. அவை மாவை மெல்லியதாக்கிச் சூடு உள்ளே செல்ல உதவுகின்றன. பின்னர் பாகு தங்கும் பள்ளங்களாகவும் பயன்படுகின்றன. தடித்த குல்குல் வெளியே சிவந்து உள்ளே ஈரமாக இருக்கும். சில நாட்களில் நமத்துப்போகும். மாவில் சர்க்கரை மிகுந்தால் உள்ளே வேகும் முன்பே மேற்புறம் கருகும். எனவே மிதமான தீயில் பொரிப்பது இன்றியமையாதது.

இஞ்சி ரொட்டிக்குச் சர்க்கரைக் குழம்பு எப்படியோ, குல்குல்லுக்குப் பாகு அப்படி. சர்க்கரையில் பாதியளவு நீர் விட்டுக் கம்பிப் பதத்திற்குச் சற்று மேல் காய்ச்சி, ஆறிய குல்குல்களைக் கொட்டி இடைவிடாது கிளறுவர். கிளறும்போது சர்க்கரை மீண்டும் சிறு படிகங்களாகி வெண்பனி போல் படிகின்றது. பதம் முந்திவிட்டால் பாகு பிசுபிசுக்கும். சிலர் பாகின்றிப் பொடித்த சர்க்கரையைத் தூவுவதுடன் நிறுத்திக்கொள்வர். இது எளிது, ஆனால் நாட்படச் சர்க்கரை உதிர்ந்துவிடும்.

கூட்டு வேலை

ஒரு கிலோ மாவில் சில நூறு குல்குல்கள் வரும். ஒருவர் தனியே சுருட்டினால் பல மணிநேரம் ஆகும் என்பதால், டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு மாலையில் பாட்டி, அத்தை, குழந்தைகள் என அனைவரும் மேசையைச் சூழ்ந்து ஆளுக்கொரு முள்கரண்டியுடன் அமர்வர். சிறுவர் கையில் முதன்முதலாகத் தரப்படும் சமையல் வேலை பல வீடுகளில் இதுவே. செய்தவற்றைக் கேக், அச்சு முறுக்கு ஆகியவற்றுடன் தட்டில் வைத்து இந்து, முசுலிம் அண்டை வீட்டாருக்கு அனுப்புவர். மங்களூரில் இவ்வினிப்புத் தொகுப்பு குஸ்வார் எனப்படுகின்றது.

பிற்கால நிலை

1947க்குப் பின்னர் ஆங்கிலோ இந்தியர் பலர் பிரித்தானியா, ஆத்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தொடர்வண்டிக் குடியிருப்புகளில் அவர்களது எண்ணிக்கை குறைந்தது. மூடிய அடுப்பு எல்லா வீடுகளிலும் உள்ள அந்நாடுகளிலும் குல்குல் எண்ணெயிலேயே பொரிக்கப்படுகின்றது. சென்னை, பெங்களூர் அடுமனைகளில் டிசம்பரில் இது பொதிகளாகக் கிடைக்கின்றது. வரிகள் பதிக்கும் சிறு பலகைகளும் விற்பனைக்கு உள்ளன. ஆயினும் பழகியவர்கள் முள்கரண்டியையே விரும்புகின்றனர்.